பாகிஸ்தானில் ஓட்டுப் போட்டு என்னதான் ஆகிறது?

"பாகிஸ்தானில் யார் பிரதமர் என்பதை ராணுவமே முடிவு செய்கிறது என்றால், ஜனங்கள் எதற்கு வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறார்கள்? இதுவரை வந்தவர்களில் உருப்படியான தலைவர் என்று யாரைச் சொல்வீர்கள்? இம்ரான் கான் திரும்பி வருவாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கேள்விகள். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பேராசிரியர் இல்லை, பத்திரிகைக்காரனும் இல்லை. ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 வருஷம் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பாகிஸ்தானியர்களோடு ஒரே ஃபிளாட்டில் போனது. பஞ்சாபின் குஜ்ராத் மாவட்டத்து டிரைவர் ஒருவர் (நம் குஜராத் இல்லை, அது வேறு), வடமேற்கு மலைப்பகுதியான ஸ்வாத்திலிருந்து வந்த பட்டாணிய எலெக்ட்ரீஷியன் ஒருவர், கராச்சியின் உருதுக்கார ஸ்டோர் கீப்பர் ஒருவர். கிரிக்கெட் என்றால் மூவரும் ஒன்றாகிவிடுவார்கள். அரசியல் பேச்சு எழுந்தால் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். இவர்கள் எதற்காக இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று புரிந்துகொள்ளத்தான் நான் படிக்கவே ஆரம்பித்தேன். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேருக்குமே ஓட்டுப் போட வழி கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கிருந்தே ஓட்டுப் போடலாம் என்று இம்ரான் ஆட்சி 2021-இல் சட்டம் கொண்டுவந்தது. அடுத்து வந்த ஆட்சி 2022-இல் அதைத் திருத்திவிட்டது.

சரி, முதல் கேள்விக்கு என் பதில் இது. ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே யாரும் பிரதமராக நீடிக்க முடியாது. ஆனால் ஓட்டே இல்லாமல் ஓர் ஆளை நாற்காலியில் உட்காரவைத்து நிம்மதியாக இருக்கவும் ராணுவத்தால் முடியவில்லை. அதனால்தான் ஒவ்வொரு ஜெனரலும் ஆட்சியைப் பிடித்தபின் என்றாவது ஒரு நாள் ஏதோ ஒரு தேர்தலை நடத்தியே தீர்கிறார். தேர்தல் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதில்லை. யார் நிற்கலாம், எந்தச் சின்னத்தில் நிற்கலாம், எண்ணியதை எப்போது சொல்லலாம் என்பதில்தான் அவர்களுடைய வேலை எல்லாம்.

2024 பிப்ரவரி 8 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இம்ரான் கான் அப்போது ராவல்பிண்டி அடியாலா சிறையில். ஓட்டுப்பதிவுக்கு முந்தைய பத்தே நாளில் மூன்று வழக்குகளில் அடுத்தடுத்துத் தண்டனை. அதில் ஒன்று, அவருடைய திருமணமே செல்லாது என்ற வழக்கு. அதற்கும் முன்னால், ஜனவரி 13 அன்று, கட்சிக்குள் தேர்தலை ஒழுங்காக நடத்தவில்லை என்று சொல்லி அவர் கட்சியின் கிரிக்கெட் மட்டைச் சின்னத்தைத் தேர்தல் ஆணையம் பறித்ததை உச்ச நீதிமன்றம் சரியென்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் ஊரில் சின்னம் போனால் பாதிக் கட்சி போன மாதிரி. வேட்பாளர்கள் எல்லாரும் சுயேச்சைகள் ஆனார்கள். ஒருவருக்குக் கட்டில், ஒருவருக்கு பாட்டில், இஸ்லாமாபாத்தில் ஒருவருக்குக் கத்தரிக்காய். கேலி செய்யத்தான் கொடுத்தார்கள் என்று புலம்பினாலும், அந்த மனிதர் கத்தரிக்காயையே கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுக் கேட்டுப் போனார்.

தொகுதிக்குத் தொகுதி சின்னம் வேறு. ஒரே ஊரில்கூட தேசிய சபைக்கு ஒரு சின்னம், மாகாண சபைக்கு இன்னொன்று. தேசிய சபைக்குப் பச்சைச் சீட்டு, மாகாணத்துக்கு வெள்ளைச் சீட்டு. எங்கள் ஸ்வாத் நண்பரின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பேத்தி அவருடைய வலது உள்ளங்கையில் பச்சைச் சீட்டுக்கு உரிய படத்தையும், இடது உள்ளங்கையில் வெள்ளைச் சீட்டுக்கு உரிய படத்தையும் பேனாவால் வரைந்து அனுப்பியிருக்கிறாள். கிழவி இரண்டு கையையும் மூடிக்கொண்டே வரிசையில் நின்றாராம், வியர்வையில் அழிந்துவிடக் கூடாதே என்று இல்லை, போலீஸ்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று. இதை அவர் போனில் கேட்டுச் சொன்னது மறுநாள்தான். ஓட்டுப்பதிவு அன்று காலையிலிருந்து பாகிஸ்தான் முழுக்க மொபைல் சேவையை நிறுத்திவைத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள்.

அன்று ராத்திரி எங்கள் ஹாலில் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. ஆரம்பத்தில் சேனல்கள் காட்டிய முன்னிலை நிலவரத்தில் சிறையில் இருக்கிறவரின் ஆட்கள் வரிசையாக முன்னால் நிற்கிறார்கள். குஜ்ராத் டிரைவர் எழுந்து டீ போட்டார், எல்லாருக்கும். அப்புறம் எண்கள் நகரவில்லை. அதே தொகுதி, அதே எண்ணிக்கை, மணிக்கணக்காக. சட்டப்படி அதிகாலை 2 மணிக்குள் முடிவுகள் வர வேண்டும். முதல் அதிகாரபூர்வ முடிவே நள்ளிரவு தாண்டி வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் ராத்திரி முன்னிலையில் இருந்த சிலர் தோற்றிருந்தார்கள். டிரைவர் ஒன்றும் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த இடத்தில் இரண்டு காகிதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் சீட்டுகளை எண்ணி, தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் ஃபார்ம் 45. ஒரு தொகுதியின் எல்லாச் சாவடிகளையும் கூட்டி, தேர்தல் அதிகாரி வெளியிடும் தாள் ஃபார்ம் 47. முதல் தாள்களைக் கூட்டினால் இரண்டாவது வர வேண்டும், எளிய கூட்டல் கணக்கு. கணக்குப்பிள்ளையான எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். இம்ரான் கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் கையிலிருந்த ஃபார்ம் 45-களைப் படமெடுத்து இணையத்தில் போட்டு, கூட்டல் உதைக்கிறது என்றார்கள். எதிர்த்தரப்போ அந்தப் படங்களே போலி என்றது. தீர்ப்பாயங்களுக்குப் போன வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின. ஆனால் மக்கள் பேச்சில் தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. "ஃபார்ம் 47 அரசாங்கம்" என்பது அங்கே இப்போது ஒரு வசவு.

கராச்சியில் நடந்தது இன்னும் விசேஷம். ஜமாத்-எ-இஸ்லாமி என்ற மதக் கட்சியின் ஹாஃபிஸ் நயீமுர் ரஹ்மான் சிந்து மாகாண சபைக்கு ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. அவரோ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, இந்த இடம் எனக்கு வேண்டாம், இங்கே ஜெயித்தது இம்ரான் ஆதரவு வேட்பாளர், அவருடைய ஓட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். எங்கள் ஸ்டோர் கீப்பருக்கு ஜமாத் என்றாலே ஆகாது. அவர்கூட அந்த வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

இத்தனைக்கும் பிறகு அதிகாரபூர்வக் கணக்கிலேயே என்ன வந்தது? நேரடித் தேர்தல் நடக்கும் 266 இடங்களில் இம்ரான் ஆதரவு சுயேச்சைகள் 93, நவாஸ் ஷெரீப்பின் முஸ்லிம் லீக் 75, பூட்டோ குடும்பத்தின் மக்கள் கட்சி 54. சின்னம் இல்லை, தலைவர் வெளியே இல்லை, பொதுக்கூட்டம் போட விடவில்லை. இருந்தும் அவர்கள்தான் பெரிய கூட்டம். நான்காம் தடவை பிரதமராகத்தான் நவாஸ் லண்டனிலிருந்து 2023 அக்டோபரில் வந்து இறங்கினார். மான்சேராவில் தோற்றார், லாகூரில் ஜெயித்தார், அப்புறம் தம்பி ஷாபாஸை முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மக்கள் கட்சியும் கராச்சி உருதுக்காரர்களின் கட்சியான எம்.க்யூ.எம்மும் முட்டுக்கொடுக்க ஷாபாஸ் பிரதமர், மக்கள் கட்சியின் ஜர்தாரி ஜனாதிபதி. சுயேச்சைகள் வேறொரு சிறு கட்சியில் போய்ச் சேர்ந்தும், பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் கட்சி பலத்தை வைத்துப் பிரித்துத் தரும் ஒதுக்கீட்டு இடங்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 8 பேர் பெரும்பான்மையில் அது இம்ரான் கட்சிக்கு உரியது என்றது. 2025 ஜூனில் இன்னொரு அமர்வு அதை மாற்றிவிட்டது.

ஆக, ஓட்டு தோற்றதா? என் பார்வையில் பாதி தோற்றது, பாதி ஜெயித்தது. நினைத்த ஆளை நினைத்த பலத்தோடு உட்காரவைக்க முடியவில்லை. ஸ்வாத் இருக்கும் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தைப் பறிக்கவும் முடியவில்லை, அங்கே இம்ரான் கட்சிதான் ஆட்சி அமைத்தது. ஸ்வாத் கிழவியின் வெள்ளைச் சீட்டு வேலை செய்தது, பச்சைச் சீட்டு இஸ்லாமாபாத் போகும் வழியில் தொலைந்தது.

இது நேற்று ஆரம்பித்த கதை இல்லை. விடுதலை கிடைத்தது 1947-இல். நாடு முழுக்க மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்ட முதல் பொதுத் தேர்தல் 1970 டிசம்பரில். இடையில் 23 வருஷம். அதற்கு நடுவே ராணுவ ஆட்சியாளர் அயூப் கான் 'அடிப்படை ஜனநாயகம்' என்று ஒன்று கொண்டுவந்தார். மொத்த நாட்டுக்கும் 80,000 உறுப்பினர்கள், அவர்கள்தான் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1965 ஜனவரியில் அவரை எதிர்த்து நின்றது யார் தெரியுமா? ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா, வயது எழுபதுக்கு மேல். அவருக்கு லாந்தர் சின்னம், அயூப்புக்கு ரோஜாப்பூ. அந்த அம்மா போன இடமெல்லாம் ஜனம் திரண்டது. ஆனால் ஓட்டு ஜனத்திடம் இல்லையே, 80,000 பேரிடம்தானே இருந்தது. அதிகாரிகள் கைக்கு அடக்கமான கூட்டம் அது. ரோஜாப்பூ ஜெயித்தது.

1970 தேர்தல் ஓரளவு நேர்மையாக நடந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வராது, பிரித்து ஆளலாம் என்று அயூப்புக்கு அடுத்து வந்த ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானுக்கு ஒரு கணக்கு. கணக்கு பொய்த்தது. கிழக்குப் பாகிஸ்தானின் 162 இடங்களில் ஷேக் முஜீபின் அவாமி லீகுக்கு 160. மேற்கில் ஓர் இடம்கூட இல்லாமலேயே மொத்த சபையில் தனிப் பெரும்பான்மை. அதை ஏற்றுச் சபையைக் கூட்டியிருக்க வேண்டும். 1971 மார்ச் 1 அன்று தள்ளிவைத்தார்கள், மார்ச் 25 ராத்திரி டாக்காவில் ராணுவத்தை இறக்கினார்கள், டிசம்பரில் நாடு இரண்டானது. இதில் மக்கள் கட்சித் தலைவர் ஜுல்ஃபிகர் அலி பூட்டோவின் பங்கையும் நான் விடமாட்டேன். மேற்கில் 81 இடம் வாங்கிய அவர், டாக்காவில் கூடும் சபைக்குப் போகமாட்டோம் என்று முரண்டு பிடித்தார். ஓட்டை மதிக்காத கதையில் சீருடை போட்டவர்கள் மட்டும் இல்லை.

கள்ள ஓட்டு, பெட்டி மாற்றுவது இதெல்லாம் அங்கே சின்ன வித்தை. பெரிய வித்தை, ஆட்டம் தொடங்குமுன் விதியை மாற்றுவது. 1977-இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா-உல்-ஹக் 1985-இல் கட்சிகளே இல்லாத தேர்தல் நடத்தினார். கட்சி கிடையாது, கொடி கிடையாது, கொள்கை கிடையாது. மிச்சம் என்ன இருக்கும்? சாதி, குலம், நிலம். பிராதரி என்று அவர்கள் சொல்லும் குலக்கட்டு அரசியலுக்கு அன்றைக்கு அடித்த சிமெண்ட்தான் இன்றும் கெட்டியாக நிற்கிறது. அதே ஜியா, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் மத வேட்பாளருக்கு மட்டுமே ஓட்டுப் போட வேண்டும் என்று தனித் தொகுதி முறையையும் கொண்டுவந்தார். கராச்சியில் ஜின்னா மருத்துவமனையை ஒட்டி மதராஸி பாரா என்று ஒரு குடியிருப்பு உண்டு. மாரியம்மன் கோயில் கட்டிக் கும்பிடும் நம் தமிழ் ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் அந்தப் பகுதி எம்.பி.யிடம் போய்க் கேட்க அப்போது அவர்களுக்கு வாய் இல்லை, ஏனென்றால் அவர் இவர்கள் ஓட்டில் வந்தவர் இல்லை. 2002-இல்தான் அந்த முறை ஒழிந்தது.

அதை ஒழித்த ஜெனரல் முஷாரஃப் தன் பங்குக்கு வேறொன்று செய்தார். பட்டதாரிகள் மட்டுமே வேட்பாளராகலாம். படித்தவர்கள் வரட்டுமே, நல்லதுதானே என்று தோன்றும். நாட்டில் பெரும்பாலோர் தேர்தலில் நிற்கவே தகுதியற்றவர்கள் ஆனார்கள். மதரஸா சான்றிதழ் மட்டும் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்கப்பட்டதால் மௌலவிகளுக்குத் தடை இல்லாமல் போனது. 2008-இல் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளியது.

சரி, இவ்வளவும் தெரிந்தும் மக்கள் ஏன் ஓட்டுப் போடுகிறார்கள்? இதற்கான பதிலை எனக்குப் புரியவைத்தவர் அந்தக் குஜ்ராத் டிரைவர். அவர் அப்பா காலம் பூராவும் அந்த மாவட்டத்தின் பெரிய அரசியல் குடும்பமான சௌத்ரி குடும்பத்துக்கே ஓட்டுப் போட்டவர். நான் ஒருமுறை, அவர்கள் முஷாரஃபோடு இருந்தவர்கள் ஆயிற்றே, உங்கள் அப்பாவுக்கு அதெல்லாம் உறுத்தாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பாய், என் சித்தப்பா மகனை ஒரு நிலத்தகராறில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ராத்திரி 11 மணிக்கு அப்பா யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? இஸ்லாமாபாத்தில் யார் இருந்தால் என்ன, எங்களுக்கு டேராவில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முக்கியம்" என்றார். டேரா என்பது பஞ்சாபில் பெரிய மனிதர் ஆட்களைச் சந்திக்கும் திண்ணை மாதிரி இடம். தாணா-கச்சேரி அரசியல் என்று அங்கே இதற்குப் பெயர். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும். அரசாங்கம் தானாக நியாயம் செய்யாத இடத்தில், செய்யவைக்கிற ஆளுக்கு ஓட்டுப் போடுவது முட்டாள்தனம் இல்லை. ஒரு பிளேட் பிரியாணிக்கு ஓட்டை விற்கிறார்கள் என்று நகரத்துக்காரர்கள் கேலி பேசுவது எனக்கு எரிச்சலைத்தான் தரும். அந்தப் பிரியாணியைத் தின்றுவிட்டு வேறு சின்னத்தில் முத்திரை குத்திய கதைகள் எத்தனையோ.

இப்படி உள்ளூரில் சொந்தச் செல்வாக்கு வைத்திருப்பவர்களைத்தான் 'எலெக்டபிள்ஸ்' என்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ராவல்பிண்டி ராணுவத் தலைமையகத்துக்கு அடுத்தபடியாக இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உடனே கட்சி மாறுவார்கள். இப்படித் தாவுகிறவருக்கு 'லோட்டா' என்று பெயர். கால் கழுவ, தொழுகைக்கு முன் ஒளூ செய்ய வைத்திருக்கும் கெண்டிதான் லோட்டா. அடி உருண்டை, எந்தப் பக்கமும் உருளும். 2022 ஏப்ரலில் பஞ்சாப் சட்டசபையில் நிஜ லோட்டாக்களையே கொண்டுவந்து துணை சபாநாயகர் மீது வீசினார்கள், இம்ரான் கட்சிக்காரர்கள். 2018-இல் அதே உருண்டைகள் தங்கள் பக்கம் உருண்டு வந்தபோது அவர்களுக்கு இனித்தது.

2024-இல் குஜ்ராத்தில் சௌத்ரி குடும்பமே இரண்டாகிவிட்டது. சுஜாத் ஹுசைனின் மகன் ஒரு பக்கம், பர்வேஸ் இலாஹியின் மனைவி இம்ரான் ஆதரவோடு மறுபக்கம். அந்த அம்மா சுஜாத்தின் சொந்தத் தங்கை. அத்தைக்கும் மருமகனுக்கும் போட்டி. மருமகன் ஜெயித்ததாக அறிவித்தார்கள், அத்தை தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. டிரைவரின் அப்பா முதல் தடவையாக எந்த டேராவையும் கேட்காமல், பேரன் சொன்ன சின்னத்துக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அந்தத் தேர்தலின் பெரிய செய்தி இதுதான். டேராவின் கட்டு எல்லா இடத்திலும் அறுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், சிந்துவின் உட்கிராமங்களில் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சாபில் கயிறு இற்றுப்போயிருக்கிறது.

பெண்கள் ஓட்டைப் பற்றி ஒரு வரியாவது சொல்ல வேண்டும். ஒரு தொகுதியில் பதிவான ஓட்டில் பெண்கள் ஓட்டு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்தல் செல்லாது என்று 2017 சட்டம் சொல்கிறது. 2018-இல் ஷாங்லாவில் ஒரு மாகாணத் தொகுதி முடிவை அப்படியே ரத்து செய்து மறுதேர்தல் நடத்தினார்கள். எல்லாக் கட்சி ஆண்களும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டுப் பெண்களைத் தடுத்துவைத்த பழக்கம் உள்ள மலைப்பகுதிகளில் இந்த ஒரு விதி செய்த நல்லதைப் பத்து மாநாடு செய்திருக்காது.

இனி இரண்டாம் கேள்வி, உருப்படியான தலைவர் யார். ஒரு பிரதமர்கூட முழுசாக ஐந்து வருஷம் முடித்ததில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

பூட்டோ பெரிய கெட்டிக்காரர். ரொட்டி, துணி, வீடு என்று சொல்லி ஏழையை அரசியல் பேசவைத்தார், 1973 அரசியல் சட்டத்தை எல்லாக் கட்சியையும் உட்காரவைத்து வாங்கினார். அதே வருஷம் பலூசிஸ்தான் மாகாணத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தையும் கலைத்தார். பல சீனியர்களைத் தாண்டி ஜியாவைத் தளபதியாக்கினார், சாது என்று நம்பி. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது; 1977-இல் ஆட்சி போனது, 1979 ஏப்ரல் 4 அன்று தூக்கு. அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது எப்போது? 2024 மார்ச்சில். 45 வருஷம் கழித்து.

நவாஸ் ஷெரீப் ஜியா வளர்த்த பிள்ளை. தொழிலதிபர் வீட்டுப் பையனாக வந்து பஞ்சாப் முதலமைச்சராகி, பூட்டோவின் மகள் பேநசீரை மட்டம் தட்ட ராணுவம் கட்டிய கூட்டணியில் மேலே ஏறியவர். அவரும் சீனியர்களைத் தாண்டித்தான் முஷாரஃபைத் தளபதியாக்கினார், அவரும் கையைச் சுட்டுக்கொண்டார். பனாமா வழக்கில் 2017-இல் பதவி போனது, மகனின் துபாய் கம்பெனியிலிருந்து வாங்காத சம்பளத்தைக் கணக்கில் காட்டவில்லை என்ற காரணத்துக்காக. அதன் பிறகு "ஓட்டுக்கு மரியாதை கொடு" என்று ஊர் ஊராகப் போனார். அந்த முழக்கம் உண்மையானது என்று நானும் கொஞ்ச நாள் நம்பினேன். 2024-இல் அதே ஆள், தன் எதிரியின் சின்னம் பறிபோனபோது வாயைத் திறக்கவில்லை.

இம்ரானும் இந்தப் பள்ளிக்கூடத்து மாணவர்தான். 2014-இல் இஸ்லாமாபாத்தில் மாதக்கணக்கில் தர்ணா உட்கார்ந்து, அம்பயர் விரலைத் தூக்குவார் என்று காத்திருந்தார். அம்பயர் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2018-இல் முடிவு அனுப்பும் கணினி முறை ராத்திரியோடு படுத்துவிட்டது, காலையில் இவர் ஜெயித்திருந்தார். அன்றைக்கு மற்றவர்கள் அவரை 'செலக்டட்' என்றார்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லை, ராணுவம் பொறுக்கி எடுத்தவர் என்று. ஏழைக் குடும்பங்களுக்கு அவர் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை நல்ல வேலை, அதை மறுக்கமாட்டேன். எதிர்க்கட்சிக்காரர்கள் வரிசையாக ஜெயிலுக்குப் போனபோது ரசித்தவரும் அவரே. உளவுத்துறைத் தலைவர் நியமனத்தில் தளபதியோடு முட்டிக்கொண்ட சில மாதத்தில், 2022 ஏப்ரலில், 174 ஓட்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. அந்த வழியில் பதவி இழந்த முதல் பாகிஸ்தான் பிரதமர் அவர். வெளியே வந்த பிறகுதான் அவர் உண்மையில் பெரிய தலைவர் ஆனார் என்பது என் கருத்து. ஏணியை இழுத்துக்கொண்டார்கள், அவர் கீழே விழவில்லை, தெருவில் நின்றார்.

இவர்கள் யாரையும் நான் சொல்லப்போவதில்லை. எனக்குப் பிடித்தவர், பெரும்பாலோர் மறந்துபோன முகம்மது கான் ஜுனேஜோ. சிந்துக்காரர், சத்தமில்லாதவர், 1985-இல் ஜியா பொம்மையாக வைத்திருக்கலாம் என்று கொண்டுவந்த ஆள். வந்ததும் ராணுவச் சட்டத்தை எப்போது எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டார், அந்த வருஷ முடிவுக்குள் அது எடுக்கப்பட்டது. பெரிய பெரிய கார்களில் போகும் ஜெனரல்களை சுஸுகியில் போகவைப்பேன் என்றார். 1988 ஏப்ரலில் ஓஜ்ரி ஆயுதக் கிடங்கு வெடித்து ராவல்பிண்டியிலும் இஸ்லாமாபாத்திலும் ராக்கெட்டுகள் மழையாக விழுந்தன. அதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கக் கிளம்பினார். மே 29 அன்று வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்து இறங்கினார், சில மணி நேரத்தில் ஆட்சி கலைந்தது. அவருக்குக் கூட்டம் கிடையாது, பாட்டு கிடையாது, வாரிசு அரசியல் புகழ் கிடையாது.

இன்னொன்று, இது சிலருக்குக் கோபம் தரும். ஜர்தாரி. பேநசீரின் கணவர், ஊழல் பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர், 'மிஸ்டர் டென் பர்சென்ட்' என்றே அழைக்கப்பட்டவர். ஆனால் 2010-இல் 18-ஆவது திருத்தம் வந்தபோது ஜனாதிபதியாக இருந்தவர் அவர். பிரதமரைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் ஜனாதிபதி கையில் இருந்தது. ஜுனேஜோ, பேநசீர், நவாஸ், மறுபடி பேநசீர் என்று நான்கு ஆட்சி அதில் பலியாகியிருந்தது. அப்படிப்பட்ட அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் அதைத் தானே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். மாகாணங்களுக்குக் கல்வி, சுகாதாரம் எல்லாம் போனது. மக்கள் கட்சியின் ரஜா ரப்பானி தலைமையில் எல்லாக் கட்சியும் உட்கார்ந்து மாதக்கணக்கில் வரி வரியாகப் பேசிய வேலை அது. அந்தக் குழுவுக்குத்தான் என் ஓட்டு.

மூன்றாவது கேள்வி, இம்ரான் வருவாரா. சிறை அங்கே யாருக்கும் முடிவாக இருந்ததில்லை. ஜர்தாரி 11 வருஷம் உள்ளே இருந்துவிட்டு இரண்டு தடவை ஜனாதிபதியானார். நவாஸ் 2000-இல் நாடு கடத்தப்பட்டு, 2013-இல் பிரதமரானார். எங்கள் ஸ்வாத் நண்பர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். இந்த முறை எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. நவாஸும் ஜர்தாரியும் திரும்பியது, தளபதி மாறியபோது அல்லது தளபதிக்கு வேறொருவர் மேல் கோபம் வந்தபோது. இப்போது 2025 நவம்பரின் 27-ஆவது திருத்தம் அந்தக் கதவிலேயே பூட்டுப் போட்டிருக்கிறது. முப்படைக்கும் மேலே ஒரு பதவி, அதில் ராணுவத் தளபதி ஃபீல்டு மார்ஷல் ஆசிம் முனீர், ஐந்து வருஷத்துக்கு. வழக்குகளிலிருந்து ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. அரசியல் சட்ட வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம், அதன் முதல் தலைமை நீதிபதியை அரசே நியமித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அடுத்த பொதுத் தேர்தல் 2029 தொடக்கத்தில் வர வேண்டும். முனீரின் பதவி 2030 கடைசி வரை. அந்தத் தேர்தலின்போது இம்ரானுக்கு 76 வயது.

போன மாதம் குஜ்ராத் டிரைவரிடம் போனில் இதைச் சொன்னேன். "76 ஒரு வயதா பாய், என் அப்பாவுக்கு 81, இன்னும் வரிசையில் நிற்கிறார்" என்றார்.